ஐடிஐ-ல சீட்டு காலி, வெளிய ஆள் நிக்குது

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்,

உங்க பேப்பர்ல அரசு ஐடிஐ, அதான் தொழிற்பயிற்சி நிலையம், அதோட நேரடி சேர்க்கைக்கு தேதி நீட்டிச்சிருக்காங்கன்னு சின்னதா ஒரு செய்தி வந்திருந்துச்சு, அத பாத்துட்டுதான் இத எழுதுதேன். வருசா வருசம் இந்த செய்தி வருது. மொதல்ல ஒரு தேதி சொல்லுவாங்க, சீட்டு நெறையாது, பொறவு பதினஞ்சு நாள் தள்ளிப் போடுவாங்க, அப்பவும் நெறையாது, கடைசில நம்ம பிள்ளைங்களுக்கு தொழிற்கல்வி மேல ஆர்வமே இல்லன்னு யாராவது மேடையில பேசிட்டு டீய குடிச்சிட்டு போயிருவாங்க.

எனக்கு முக்கூடல்ல ஒரு கடை இருக்கு. ஜெராக்ஸ் கடையாத்தான் ஆரம்பிச்சேன், பொறவு இ-சேவை ஐடி வாங்கினேன். சாதி சான்று, வருமான சான்று, முதல் பட்டதாரி சான்று, ரேஷன் கார்டு திருத்தம், அதோட ஐடிஐ, பாலிடெக்னிக், காலேஜ்னு சீசனுக்கு சீசன் ஆன்லைன் பாரம் போடுறது. ஆர்வம் இருக்கா இல்லையான்னு மேடையில நிக்கிறவங்கள விட எனக்கு கொஞ்சம் கூடவே தெரியும், ஏன்னா ஆர்வம் உள்ளவங்க வந்து உக்காருறது என் கடை பெஞ்சுலதான். அவங்க பாரம் எந்த இடத்துல போயி முட்டி நிக்குதுங்கறதும் எனக்கு அத்துபடி. படிக்க ஆள் இல்லாம அந்த சீட்டு காலியா கெடக்கலங்க. ஆள் இருக்கு, வாசல் வரைக்கும் வருது, உள்ள போக முடியல, இல்லன்னா உள்ள போயிட்டு சத்தமில்லாம திரும்பி வந்துருது.

குத்தம் மட்டும் சொல்ல எழுதல, இருக்கறத இருக்குன்னு சொல்லிருதேன். அரசு ஐடிஐ-ல பீஸ் கிடையாது, மாசம் 750 ரூவா உதவித்தொகை உண்டு, சைக்கிள், யூனிபார்ம், ஷூ, புத்தகம், பஸ் பாஸ் எல்லாம் உண்டு. அரசுப் பள்ளியில படிச்ச பொம்பளப் பிள்ளைன்னா 2022-ல இருந்து புதுமைப்பெண் திட்டத்துல மாசம் 1000 ரூவா, பையனுக்கு 2024-ல இருந்து தமிழ்ப்புதல்வன் திட்டத்துல மாசம் 1000 ரூவா, ரெண்டும் ஐடிஐ-க்கும் செல்லும். எட்டாங்கிளாஸ் முடிச்சவன் ரெண்டு வருச ஐடிஐ படிச்சிட்டு தமிழ், இங்கிலீஷ் பேப்பர் மட்டும் எழுதுனா பத்தாங்கிளாஸுக்கு சமம்னு வாங்கிக்கலாம், பத்து முடிச்சவன் அதே கணக்குல பிளஸ் டூ சமம் வாங்கலாம், பாலிடெக்னிக்ல நேரா ரெண்டாம் வருசத்துல போய் உக்காரலாம். இத நான் சொன்னா பாதிப் பேரு நம்ப மாட்டேங்காங்க, வாட்ஸ்அப்ல வந்தா நம்புவாங்க. அதுக்கு மேல 71 அரசு ஐடிஐ-ய 2,877 கோடி ரூவாயில தொழில் 4.0 மையமா மாத்துற திட்டம் வேற, கம்ப்யூட்டர்ல ஓடுற சிஎன்சி மெசினு, ரோபோன்னு போட்டோ பாத்தா நமக்கே போய் சேரணும்னு தோணும். பணம் ஒதுக்கலன்னு நான் சொல்லவே இல்ல.

ஆனா இதெல்லாம் யார மனசுல வச்சு எழுதுனதுன்னு பாருங்க. பதினேழு பதினெட்டு வயசு, போன மாசம்தான் பள்ளிக்கூடத்துல இருந்து வந்தவன், காது கேக்கும் கண்ணு தெரியும், வீட்டுல அவன் சம்பாத்தியத்த எதிர்பாத்து யாரும் இல்ல, காலையில கிளம்பி சாயங்காலம் வரலாம். இந்த அச்சுல பொருந்துன பிள்ளைக்கு எல்லாம் சரியா இருக்கும். அச்சுக்கு வெளிய உள்ளவங்கதான் எங்க ஊர்ல பாதிப் பேரு.

முக்கூடல், கடையம், ஆலங்குளம், அந்தப் பக்கம் மேலப்பாளையம் வரைக்கும் பீடிதான் பொம்பளைங்களுக்கு பொழப்பு. எங்க அம்மா மடியில தட்ட வச்சுத்தான் எங்க மூணு பேரையும் படிக்க வச்சா. நானும் பத்தாங்கிளாஸ் லீவுல சுத்திருக்கேன், ஒரு நாளைக்கு முன்னூறு தாண்டாது, அதுலயும் செக்கர் பாதிய கழிச்சுப் போட்டுருவாரு. எங்க தெருவுல ஒரு மதினி இருக்காங்க, வயசு முப்பத்தாறு, எட்டாங்கிளாஸ் பாஸ். அவங்க வீட்டு மோட்டரு ரிப்பேரானா அவங்களே பிரிச்சு மாட்டிருவாங்க, பக்கத்து வீட்டு பேனுக்கு கப்பாசிட்டர் மாத்துறதும் அவங்கதான், கூலி வாங்க மாட்டாங்க, ஒரு கிண்ணம் கொழம்பு வாங்கிக்குவாங்க. ஒரு நாள் கடைக்கு வந்து "ஏ பிள்ள, பொம்பளைக்கு வயசு வரம்பு இல்லன்னு போட்டிருக்காவளாமே, நெசமா?"ன்னு கேட்டாங்க. நெசம்தான். ஆம்பளைக்கு 40 வயசு வரைக்கும், பொம்பளைக்கு உச்ச வரம்பே கிடையாது, வயர்மேனுக்கு எட்டாங்கிளாஸ் போதும். பாரம் போட்டேன், சீட்டும் கிடைச்சது. அன்னைக்கு எனக்கு மைசூர்பாகு வாங்கிட்டு வந்தாங்க.

ரெண்டு மாசம் போனாங்க. காலையில பஸ்ஸ பிடிச்சு போயி சாயங்காலம் வீடு திரும்ப ஆறு மணி. பொறவு சோறு பொங்கி, ராத்திரி இலை நனைச்சு வெட்டி, பன்னெண்டு மணி வரைக்கும் சுத்துனாலும் கணக்கு தேறல. பீடிக் கம்பெனி கடைக்கு பீடி போகலன்னா பாஸ்புக்குல விழாது, பாஸ்புக்கு போச்சுன்னா பிஎப் போச்சு, இத்தன வருச சர்வீஸ் போச்சு. அரசாங்கம் தாற 750 ரூவா அவங்க அஞ்சாறு நாள்ல பீடில எடுத்துருவாங்க, அத நம்பி எப்படி விட முடியும்? பரீட்சை எழுத 80 சதவீதம் வருகைப்பதிவு வேணும். அதுக்கு கீழ போனதும் அவங்களே நின்னுட்டாங்க. "மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல வச்சா நான் மூணு வருசம்னாலும் வருவேன்"ன்னு சொன்னாங்க. அவங்க கேட்டது ஓசியா பணம் இல்ல, நேரம். வயசு வரம்பு இல்லன்னு ஒரு வரிய எழுதுன அதிகாரி, முப்பத்தாறு வயசு பொம்பளைக்கு ஒரு நாள் எப்படி விடிஞ்சு எப்படி அடையுதுன்னு யோசிச்சிருந்தா அடுத்த வரியா அரைநாள் வகுப்புன்னு எழுதியிருப்பாரு.

இதே கூத்துதான் புதுமைப்பெண்ணுலயும். கல்யாணம் ஆயி, கைப்பிள்ளையோட தொலைதூரக் கல்வில பிஏ படிக்கிற பிள்ளைக்கு அந்த ஆயிரம் ரூவா கிடையாது, ரெகுலர் காலேஜ்ல போறவளுக்கு மட்டும்தான். யாருக்கு அந்த ஆயிரம் ரூவாய்க்கு கஷ்டம் கூடன்னு நீங்களே சொல்லுங்க.

சரி, ஐடிஐ முழுநேரம், அதான் முடியல, மூணு மாச குறுகிய கால பயிற்சி இருக்கேன்னு கேப்பீங்க. அந்த கதைய சொல்லுதேன். டிடியு-ஜிகேஒய்னு ஒண்ணு, தீன்தயாள் உபாத்யாயா பேருல உள்ள மத்திய அரசு திறன் பயிற்சி திட்டம், 2014-ல வந்தது, கிராமத்து ஏழைப் பிள்ளைங்களுக்கு 15-ல இருந்து 35 வயசு, பொம்பளைங்களுக்கும் மாற்றுத்திறனாளிக்கும் 45 வரைக்கும். நல்ல திட்டம்தான். ஆனா பயிற்சி குடுக்கிற நிறுவனம், பயிற்சி முடிச்சவங்கள்ல 70 சதவீதம் பேர வேலையில சேத்துக் காட்டணும், பணமும் மொத்தமா வராது தவணை தவணையாத்தான் வரும். இப்ப நீங்க அந்த நிறுவனம் நடத்துறீங்கன்னு வச்சுக்கோங்க. உங்க முன்னாடி ரெண்டு பேரு. ஒருத்தி பத்தொம்பது வயசு, கல்யாணம் ஆகல, திருப்பூர்னாலும் போவேன் கோயம்புத்தூர்னாலும் போவேங்கா. இன்னொருத்தி முப்பத்தெட்டு, புருசன் இல்ல, ரெண்டு பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல, முக்கூடல விட்டு அம்பாசமுத்திரம் தாண்டி வேலைக்குப் போக முடியாது. யார எடுப்பீங்க? அந்த நிறுவனங்க மேல எனக்கு கோவம் இல்ல. வேலையில சேத்ததுக்குத்தான் காசுன்னு விதி போட்டா, ஏற்கனவே வேலைக்கு தயாரா நிக்கிறவங்களத்தான் தேடிப் பிடிப்பாங்க. பயிற்சி யாருக்கு ரொம்ப தேவையோ அவங்க அந்த கணக்குல நட்டம்.

அதையும் தாண்டி போன வருசம் ஒரு அக்கா ஒரு பயிற்சி மையத்துல தையல் வகுப்புல சேந்துட்டாங்க, பேரு வேண்டாம், எல்லா இடத்துலயும் இதான். அங்க வருகைப்பதிவு ஆதார் கைரேக மெசின்ல. இந்த அக்கா இருவது வருசமா பீடி சுத்துனவங்க. விரல் வச்சா மெசின் சிவப்பு லைட்டு காட்டுது. துடைச்சு வச்சாலும் விழல, எண்ணெய் தடவி வச்சாலும் விழல, பத்து விரலும் வச்சு பாத்தாச்சு. இலையும் தூளும் தேச்சு தேச்சு ரேகையே இல்லாம போச்சு, கையப் பாத்தா வழவழன்னு இருக்கும். அந்த அக்கா தினமும் போனாங்க, தச்சாங்க, ஆனா மெசின் கணக்குல ஒரு நாளும் வரல. பதினெட்டு நாள் கழிச்சு "நீங்க வந்தா எங்களுக்கு பணம் வராதும்மா, மனசுல வச்சுக்காதீங்க"ன்னு பக்குவமா சொல்லி அனுப்பிட்டாங்க. ரேஷன் கடையில கூட கருவிழி வச்சு பாக்க ஏற்பாடு வந்துருச்சு, இங்க வரல. பீடிய விட்டு வெளிய வரணும்னுதான் அந்த பயிற்சி, பீடி சுத்துன கைன்னா அந்த பயிற்சி ஏத்துக்காது. இத யாருகிட்ட சொல்லி அழ?

நடுவுல ஒண்ணு, சிரிக்கவா அழவான்னு தெரியல. பத்தமடை பாய்க்கு 2013-ல புவிசார் குறியீடு கிடைச்சது உங்களுக்கு தெரியும். அங்க சின்ன வயசுல இருந்து கோரை நெய்யிற ஒரு பாட்டியம்மா, ஏற்கனவே தொழில் தெரிஞ்சவங்களுக்கு சோதிச்சு சர்டிபிகேட் குடுக்கிற திட்டத்துல ஒண்ணு வாங்கியிருந்தாங்க, லேமினேட் பண்ண என் கடைக்கு கொண்டாந்தாங்க. பேத்தி பெருமையா போட்டோ எடுத்தா. பாட்டி என்கிட்ட கேட்டாங்க, "இத காட்டுனா பாய்க்கு கூலி கூட குடுப்பாவளா?" நான் லேமினேசனுக்கு காசு வாங்கல.

இப்ப நான் ரொம்ப சொல்லணும்னு நெனைச்ச விசயத்துக்கு வாறேன். எங்க பெரியம்மா பேரன், பிறவியிலயே காது கேக்காது, வாய் பேச வராது. பாளையங்கோட்டையில காது கேளாத பிள்ளைங்களுக்கு பள்ளிக்கூடம் நூறு வருசத்துக்கு மேல நடக்குது, கண் தெரியாத பிள்ளைங்களுக்கும் தனியா இருக்கு, அந்த விசயத்துல தமிழ்நாட்டுலயே எங்க ஜில்லா முன்னாடி நின்ன ஜில்லா. பையன் அங்க ஹாஸ்டல்ல தங்கி பிளஸ் டூ முடிச்சான். கெட்டிக்காரன், அவன் போடுற டிராயிங் ஸ்கேல் வச்ச மாதிரி இருக்கும். பொறவு என்ன? சென்னையில மாநிலக் கல்லூரியில காது கேளாத பிள்ளைங்களுக்குன்னே பிகாம், பிசிஏ இருக்கு, ஆனா பாளையங்கோட்டையில இருந்து 600 கிலோமீட்டருக்கு மேல. அவங்க அம்மா விட மாட்டேன்னுட்டா. சரி ஐடிஐ பிட்டர்னு போட்டோம், மாற்றுத்திறனாளி ஒதுக்கீட்டுல சீட்டு உடனே கிடைச்சது.

எந்த ஐடிஐ-ன்னு எழுதல, ஏன்னா அங்க உள்ள வாத்தியார் நல்ல மனுசன். பையன முன் வரிசையில உக்கார வச்சாரு, போர்டுல எழுதிப் போட்டாரு, தனியா பேப்பர்ல எழுதிக் குடுத்தாரு. ஆனா அவருக்கு ஒண்ணு தெரியல, அவர் மேல தப்பில்ல, யாரும் சொல்லிக் குடுக்கல. இந்தப் பிள்ளைங்களுக்கு சைகைதான் தாய்மொழி. நாம எழுதுற தமிழ் அவங்களுக்கு ரெண்டாவது மொழி மாதிரி, கஷ்டப்பட்டு படிச்சது. பரீட்சையில கூட இவங்களுக்கு ஒரு மொழிப்பாடம் விலக்கு குடுக்கறது அதனாலதான். பாடம் நடத்தும்போது வாத்தியார் போர்டு பக்கம் திரும்பிக்கிட்டே பேசுவாரு, மெசின் பக்கம் குனிஞ்சுக்கிட்டே சொல்லுவாரு, நாப்பது பிள்ளைங்க சிரிக்கும்போது இவன் மட்டும் எதுக்கு சிரிக்காங்கன்னு தெரியாம எல்லார் மூஞ்சியையும் பாத்துக்கிட்டு நிப்பான். ஒரு நாள் கிரைண்டிங் மெசின்ல ஏதோ சத்தம் மாறியிருக்கு, எல்லாரும் வெலகிட்டாங்க, இவனுக்கு எப்படி தெரியும்? ஒண்ணும் ஆகல, பக்கத்துல நின்ன பையன் பிடிச்சு இழுத்துட்டான். அதோட வாத்தியாருக்கு பயம் வந்துருச்சு, இவன மெசின் பக்கமே விடல, அரம் வச்சு ராவிக்கிட்டே உக்காருன்னு ஒரு ஓரமா விட்டுட்டாரு. நாலாவது மாசம் அவனே பைய எடுத்துக்கிட்டு வீட்டுக்கு வந்துட்டான்.

சட்டம் இல்லையான்னா இருக்கு. 2016-ல மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்துச்சு, 21 வகை குறைபாடு அதுல வருது, அரசு வேலையில 4 சதவீதம், அரசு உயர்கல்வி நிறுவனத்துல 5 சதவீதம் இடம். அதுலயே 19-வது பிரிவு தொழிற்பயிற்சிக்குன்னே உள்ளது, பொதுவா நடக்கிற எல்லா திறன் பயிற்சியிலயும் இவங்கள சேக்கணும், சேத்தா போதாது அதுக்கு வேண்டிய உதவியும் வசதியும் செஞ்சு குடுக்கணும்னு சொல்லுது. சேக்கணும்கற பாதிய செஞ்சுட்டாங்க. சைகை மொழிபெயர்ப்பாளருக்கு சம்பளம்னு ஒரு தலைப்பு பட்ஜெட்டுல இருந்திருந்தா அந்த வாத்தியார் எதுக்கு அவன ஓரத்துல உக்கார வைக்கப் போறாரு.

இதுல எனக்கு ஆறாத விசயம் என்னன்னா, சேந்த அன்னைக்கு அவன் ஒதுக்கீட்டு கணக்குல ஏறிட்டான். வருசக் கடைசில எத்தன மாற்றுத்திறனாளிக்கு சீட்டு குடுத்தோம்னு ஒரு கூட்டத்துல வாசிக்கும்போது இவன் அதுல ஒரு ஆளு. மதினியும் அப்படித்தான், பெண்கள் சேர்க்கைன்னு ஒரு எண்ணு. நின்னு போனவங்களுக்குன்னு அந்தக் கணக்குல யாரும் ஒரு கட்டம் போட்டு வைக்கல. வெளிய வந்தவன்ட்ட ஏன் வந்தேன்னு ஒரு போன் போட்டு கேட்டது கிடையாது. என்கிட்ட கேட்டா நானே ஒரு நோட்டு நெறைய சொல்லுவேன்.

இன்னும் ரெண்டு விசயம், சுருக்கமா. பாபநாசம் மலையில காணி மக்கள் குடியிருப்புல இருந்து பிள்ளைங்க பாரம் போட கீழ இறங்கி வருதாங்க. பழங்குடி சான்று தாசில்தார் குடுக்க முடியாது, கோட்டாட்சியர்தான் குடுக்கணும், அதுக்கு சேரன்மகாதேவிக்கு நடக்கணும். ஒவ்வொரு பாரத்துக்கும் ஓடிபி போனுக்கு வரும், மலை மேல உள்ள போனுக்கு டவர் கிடைக்காது. ஒரு பையன் அவங்க அப்பா போன மேலேயே விட்டுட்டு வந்துட்டான், அவ்வளவுதான், ரெண்டு பஸ் மாறி வந்தவன் அன்னைக்கு வெறுங்கையோட திரும்புனான்.

இன்னொண்ணு எழுதவா வேண்டாமான்னு யோசிச்சேன், எழுதிருதேன். 2023-ல நாங்குநேரியில பள்ளிக்கூடத்துப் பையனயும் அவன் தங்கச்சியையும் சாதி வெறியில வீடு புகுந்து வெட்டுனதுக்கு அப்புறம் நீதிபதி சந்துரு அய்யா தலைமையில அரசு குழு போட்டுச்சு, 2024-ல அறிக்கையும் குடுத்தாரு. சாதிய காட்ட கையில கட்டுற கயிறு வரைக்கும் பேசுனோம். ஆனா பேச்சு பூரா பள்ளிக்கூடம், காலேஜ்னே போச்சு, ஐடிஐ பஸ் பத்தி யாரும் பேசல. என் பெஞ்சுல உக்காந்து ஒரு அப்பா சொன்னாரு, "அந்த டிரேடு வேண்டாம்மா, அதுக்கு அந்த ஊரு பஸ்ஸ்டாப்புல எறங்கி மாறணும், எம்பையன நான் கோயம்புத்தூருக்கு மூட்டை தூக்க அனுப்பினாலும் அனுப்புவேன், அங்கன நிக்க விட மாட்டேன்." சீட்டு காலின்னு நீங்க போட்ட செய்தியில அந்த சீட்டும் ஒண்ணு.

நான் கேக்கறது பெருசா ஒண்ணும் இல்ல அய்யா. பீடி ஊருங்கள்ல, ஐடிஐ-யே கட்டணும்னு இல்ல, இருக்கிற அரசுப் பள்ளிக்கூடத்துல நாலு மணிக்கு மேல ஒரு ரூமு, வயர்மேனோ தையலோ ஒரு அரைநாள் வகுப்பு, ரெண்டு வருசத்த மூணா ஆக்குனாலும் பரவாயில்ல, அதே சர்டிபிகேட்டு. கைரேக விழாதவங்களுக்கு நோட்டுல கையெழுத்து, அதுவும் ஆகாதுன்னா கருவிழி மெசினு. மொழிபெயர்ப்பாளர ஒவ்வொரு ஐடிஐ-க்கும் போட முடியாதுன்னா மூணு ஐடிஐ-க்கு ஒருத்தர், இந்தப் பிள்ளைங்கள ஒரே இடத்துல ஒரே பேட்ச்சா சேத்து விடுங்க, பாளையங்கோட்டையில ரிட்டயர் ஆன டீச்சருங்க, அங்க படிச்சு வளந்தவங்கன்னு எத்தன பேரு சைகை தெரிஞ்சவங்க இருக்காங்க, கூப்பிட்டா வருவாங்க. பயிற்சி நிறுவனத்துக்கு பணம் குடுக்கும்போது திருப்பூருக்கு அனுப்புனா ஒரு ரேட்டு, கைக்குழந்தைக்காரிய உள்ளூர்லயே தொழில்ல நிப்பாட்டுனா அத விட கூட ஒரு ரேட்டு போட்டுப் பாருங்க, அவங்களே தேடி வருவாங்க எங்க தெருவுக்கு. கங்கைகொண்டானுல 2025-ல சோலார் பேனல் ஆலை தொறந்தாங்க, பெரும்பாலும் பொம்பளப் பிள்ளைங்கதான் வேலைக்குப் போகுது, கம்பெனி பஸ் வந்து நிக்கிறத பாக்க சந்தோசமாத்தான் இருக்கு. அந்த பஸ்ஸுல ஏற ஒரு சர்டிபிகேட்டு வேணும்னா அத வாங்குற வழியும் எங்க பக்கம் வரணும்ல.

பெரியம்மா பேரன் இப்ப ஒரு வெல்டிங் பட்டறையில நிக்கான். அந்த அண்ணாச்சி ஆறாங்கிளாஸோட நின்னவரு, எந்த பயிற்சியும் எடுத்தவரு இல்ல. ஒரே மாசத்துல பதினஞ்சு இருவது சைகைய அவன்ட்டயே கத்துக்கிட்டாரு. அளவு, கம்பி, நிறுத்து, கண்ணாடி போடு, சாப்பாடு. மெசின் சுவிட்சு பக்கத்துல ஒரு சிவப்பு பல்ப மாட்டி வச்சிருக்காரு, ஏதாவதுன்னா அத போட்டு விட்டா இவன் திரும்பிப் பாப்பான். சம்பளம் மட்டும் ஏறல, பேப்பர் இல்லாதவனுக்கு இவ்வளவுதான்னு அண்ணாச்சியே வருத்தமா சொல்லுதாரு.

போன வெள்ளிக்கிழமை கடைக்கு வந்து போன்ல டைப் பண்ணி காட்டினான், இந்த வருசம் திரும்ப போடலாமான்னு. வெல்டர், ஒரு வருசம்தான். பேரு, ஊரு, மார்க்கு எல்லாம் ஏத்திட்டேன். அங்க சைகை தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களான்னு கேக்க போன் போட்டேன். "மொதல்ல சேரட்டும்மா, பொறவு பாத்துக்கலாம்"னாங்க. பாரம் இன்னும் பாதியிலதான் நிக்குது, நீங்க போட்ட கடைசி தேதிக்கு நாலு நாள் இருக்கு.

இப்படிக்கு,
இ-சேவை மையம் நடத்தும் ஒரு வாசகி,
முக்கூடல், திருநெல்வேலி மாவட்டம்.